எத்தினை பெட்டி இருக்கு, அப்பா?

லுசேர்ணில் ஒரு பெரிய ஹோட்டலின் களஞ்சியத்தில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. மாதக் கடைசியில் கணக்கெடுப்பு நடக்கும். தக்காளி ரின், வெண்ணெய், மேசைத் துணி, தேநீர்க் கரண்டி என்று ஒன்றையும் விடாமல் எண்ணி எழுதுவேன். சமையற்காரர்கள் என்னைக் கேட்காமல் ஒரு எலுமிச்சம்பழம்கூட எடுக்க மாட்டார்கள். எடுத்தால் நான் அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவேன் என்று அவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட மனிசனிடம்தான் என் மகள், என் வீட்டுக் குசினியில் நின்றுகொண்டு, அந்தக் கேள்வியைக் கேட்டாள். எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

அவள் லோசானில் இருந்து கைக்குழந்தையோடு வந்திருந்தாள். ஒரே மகள், அவளுக்கு முதல் பிள்ளை. இரவுக்கு இடியப்பம் அவிப்போம் என்று, தாயின் இடியப்ப உரலைத் தேடி மேல் அலுமாரிக்குள் கையை விட்டாள். உரலுக்குப் பின்னால் ஒரு சின்ன மட்டைப்பெட்டி இருந்தது. அளவுக்கு மீறிப் பாரமாக இருந்ததால் மேசையில் வைத்துத் திறந்து பார்த்தாள். உள்ளே தோட்டாக்கள், பளபளவென்று வரிசையாக இருந்தன.

"இதென்னப்பா?"

"பாத்தாத் தெரியுதுதானே. சங்கத்திலை சுடுறதுக்கு வாங்கினது."

"எத்தினை பெட்டி இருக்கு, அப்பா?"

 ஒன்றிரண்டு என்று சொல்லலாம் என நினைத்தேன். ஆனால் ஒன்றிரண்டு இல்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். மற்றபடி ஒன்றும் தெரியாது.

எனக்கும் துவக்குக்கும் தொடர்பு வந்த கதை சிரிப்புக்குரியது. இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்த காலத்தில், 'ஊர்ச் சங்கம் எதிலாவது சேர்ந்திருக்கிறீரா' என்று நேர்முகத்தில் கட்டாயம் கேட்பார்கள் என எல்லோரும் பயமுறுத்தினார்கள். நாங்கள் இருந்த கிராமத்தில் பாட்டுச் சங்கம், உடற்பயிற்சிச் சங்கம், துவக்குச் சுடும் சங்கம், இவ்வளவும்தான். எனக்குப் பாட வராது. உடம்பும் வளையாது. ஆகவே மிஞ்சியதில் போய் நின்றேன். தலைவர் அன்பாகக் கை தந்துவிட்டு, என் நாடு எது என்று அறிந்ததும் சங்கடப்பட்டார். இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் துவக்கைத் தொடக் கூடாது என்று இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. இன்னும் சில நாட்டுக்காரருக்கும் அப்படித்தான். வேண்டுமானால் சனிக்கிழமைகளில் சொசேஜ் வாட்டித் தரலாம் என்றார்.

வருடக்கணக்கில் வாட்டினேன். அவர்கள் பாயில் குப்புறப் படுத்துச் சுட்டுவிட்டு வருவார்கள். நான் கடுகுச் சட்னியும் பாணும் வைத்துக் கொடுப்பேன். எனக்கு அது பெரிய அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே சிரித்துக்கொண்டு நின்றேன். இந்த நாட்டின் சிவப்புக் கடவுச்சீட்டு கைக்கு வந்த பிறகு, முதல் வந்த சனிக்கிழமையே இடுப்பில் கட்டியிருந்த சமையல் ஏப்ரனை அவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் பாயில் படுத்தேன். நன்றாகவே சுட்டேன். அடுத்த கிழமை கடைக்குப் போய் ஒரு பெட்டி தோட்டா வாங்கினேன். கடைக்காரர் பத்திரங்களைப் பார்த்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல், நன்றி சொல்லிப் பையில் போட்டுத் தந்தார். அந்த மரியாதை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அதற்காகவே திரும்பத் திரும்பப் போய் வாங்கினேன். சுட்டு முடித்ததைவிட வாங்கியதுதான் அதிகம்.

என் மனைவியின் அண்ணை ஊரில் ஒரு காவலரணுக்கு முன்னால் சுடப்பட்டு இறந்தவர். அவள் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. ஒரேயொரு தரம் சொன்னாள். "நீங்கள் சங்கத்துக்குப் போங்கோ, வாங்கோ. நான் மறிக்கேல்லை. உந்தச் சாமான் ஒண்டும் என்ரை வீட்டுக்குள்ளை வரப்படாது."

துவக்கு சங்கத்து அலுமாரியிலேயே இருந்தது. தோட்டாவுக்கு அங்கே இடம் போதவில்லை. நான் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து, அவள் அடிக்கடி தொடாத இடமாகப் பார்த்து வைத்தேன். விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் பெரிய பானைக்குள், தையல் மெஷினுக்கு அடியில், கோடை காலத்தில் தொங்கும் குளிர்கோட்டின் பைக்குள். அவளிடம் இருந்து ஒளிப்பதற்கு அவளுடைய சாமான்களைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஒளித்து வைப்பதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. எழுதி வைக்க முடியாது. ஹோட்டலில் கரண்டிக்குக்கூடக் கணக்கு வைத்தவன், வீட்டில் இதற்கு ஒரு வரியும் எழுதவில்லை.

பிறகு அவளுக்குப் புற்றுநோய் வந்தது. அவள் போன பின் நான் சங்கத்துக்குப் போகவில்லை. ஒளிப்பதற்கு ஆள் இல்லாமல் போனதும் ஒளித்ததே மறந்துபோனது.

அன்று இடியப்பம் அவிக்கவில்லை. மகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "இவ இன்னும் கொஞ்ச நாளிலை தவழத் துவங்கியிடுவா. கையிலை அம்பிடுறதெல்லாம் வாய்க்குள்ளைதான் போகும். உதெல்லாம் போனாப் பிறகு வாறம். ஒண்டும் இல்லையெண்டு நீங்கள் எனக்குச் சொல்ல வேணும், அப்பா. நான் கோவத்திலை சொல்லேல்லை. பயத்திலை சொல்லுறன்."

அவள் சொன்னது முழுக்க நியாயம். நியாயமாக இருந்தபடியால்தான் எனக்குத் தாங்கவில்லை. ஓய்வு பெற்று, மனைவியும் இல்லாமல், நான் அந்த வீட்டில் தனியே இருக்கிறேன். படிக்கட்டில் அயலவர் வணக்கம் சொல்வார்கள், நானும் சொல்வேன். அதோடு சரி. கிழமையில் பல நாள் என் வாயில் இருந்து ஒரு தமிழ்ச் சொல்லும் வராது. ஞாயிற்றுக்கிழமை மகள் தொலைபேசி எடுக்கும்போது, தொண்டையைச் செருமிக்கொண்டுதான் ஹலோ சொல்வேன். அந்தக் குழந்தை என் வீட்டு நிலத்தில் தவழ வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

ஹோட்டல் முறைப்படியே தொடங்கினேன். அறை அறையாக எழுதினேன். படுக்கையறை: கட்டில், மெத்தை, அலுமாரி, அலுமாரிக்குள் கோட்டுகள், சீலைப் பெட்டி. குசினி: பானைகள், அரைக்கும் மெஷின், புட்டுக்குழல். நிலத்துக்குக் கீழே உள்ள எங்கள் கெல்லர் அறையையும் விடவில்லை. எழுதிக்கொண்டு போகப் போக ஒன்று தெரிந்தது. அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல ஒரு கதிரை, ஒரு வானொலி, கொஞ்ச உடுப்பு. மிச்சமெல்லாம் அவளுடையது. அவள் இறந்தபோதுகூட எனக்கு அது அப்படி உறைக்கவில்லை.

கண்ட பெட்டிகளைச் சேர்த்து, பொலிஸுக்கு முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டு, மரக்கறி வாங்கும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனேன். இந்த நாட்டில் இராணுவப் பயிற்சிக்குப் போகும் இளசுகள் ரயிலில் துவக்கோடு இருப்பார்கள், எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என் வெளிநாட்டு முகத்தையும் மடியில் பாரமான பையையும் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பொலிஸ்காரர் நல்ல மனிதர். பெட்டிகளை உள்ளே வாங்கி வைத்துவிட்டு, "இவ்வளவுந்தானா?" என்று கேட்டார். அப்படித்தான் நினைக்கிறேன் என்றேன். ஏதும் கண்டெடுத்தால் திரும்பவும் கொண்டு வாருங்கள் என்றார்.

மகளுக்குச் சொன்னேன். அவள் ரயில் ரிக்கெற் போட்டாள். அவள் வருவதற்கு இரண்டு நாள் முன், குழந்தைக்குக் குளிருமே என்று ஒரு தடித்த போர்வை தேடப் போய், மனைவியின் கோட்டை நகர்த்தினேன். அதன் பையில் ஏதோ இடித்தது, இன்னொரு தோட்டாப் பெட்டி. சொல்லாமல் விட்டிருக்கலாம். எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அது வராது. தொலைபேசியில் சொன்னேன்.

"அப்ப வேறை இடத்திலையும் இருக்கலாம்தானே, அப்பா?"

"இருக்கலாம்."

"நாங்கள் பிறகு வாறம். ஆறுதலாப் பாருங்கோ."

அடுத்த தடவை தையல் மெஷினுக்கு அடியில் ஒன்று அகப்பட்டது. அவள் மறுபடி ரிக்கெற்றை மாற்றினாள். பொலிஸ் நிலையத்தில் அந்த மனிதர் என்னைக் கண்டதும் சிரிக்கத் தொடங்கிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேத்தி தவழத் தொடங்கியதை நான் தொலைபேசித் திரையில்தான் பார்த்தேன். அவர்கள் வீட்டுச் சோபாவுக்கு அடியில் புகுந்து, காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தாள். நான் இங்கிருந்து கூப்பிட்டேன். குரல் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

நான் எழுதிய கணக்கில் ஒரு ஏமாற்று இருந்தது. சீலைப் பெட்டி என்று எழுதினேனே தவிர, அதை நான் திறக்கவில்லை. திறந்தால் அவளுடைய வாசம் வரும் என்று தெரியும். கடைசியில் ஒரு மத்தியானம், பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தேன். ஒவ்வொரு சீலையாக வெளியே எடுத்து உதறினேன். திரிம்பாக் ஊர்க் கோயிலுக்கு உடுத்தது, மகளின் கலியாணத்துக்கு உடுத்தது, எனக்கு ஞாபகமே இல்லாதவை. அடியில், எங்கள் கலியாணக் கூறைச் சீலைக்குக் கீழே, ஒரு தோட்டாப் பெட்டி இருந்தது. அந்தப் பாவி வேலையை நான்தான் செய்திருக்கிறேன். அதை எப்போது வைத்தேன், எப்படி மனம் வந்து வைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய பிரச்சினை, அறை முழுவதும் சீலை. எனக்குச் சீலை மடிக்கத் தெரியாது. ஒன்றை எடுத்து இரண்டாக மடித்தேன், நாலாக மடித்தேன், அது கையில் இருந்து வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவது சீலையோடு எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இனி என் கண்ணையும் நம்ப முடியாது, ஞாபகத்தையும் நம்ப முடியாது. ஒன்றும் இல்லை என்று மகளுக்கு மனமறியச் சொல்ல வேண்டுமானால், இந்த வீட்டில் உண்மையிலேயே ஒன்றும் இருக்கக் கூடாது. அப்படித்தான் அந்த நேரத்தில் எனக்குப் பட்டது. அடுத்த நாளே அந்தப் பெட்டியையும் பொலிஸில் கொடுத்துவிட்டு, புறொக்கி என்று இங்கே சொல்லும் பழைய சாமான் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

வான் வண்டியோடு இரண்டு பேர் வந்தார்கள். வாசலில் நின்று ஒவ்வொன்றையும் நான் தட்டி, திறந்து, குலுக்கிப் பார்த்துத்தான் விட்டேன். அலுமாரி, தையல் மெஷின், பானைகள், உரல், கோட்டுகள், கட்டில், மகள் படித்த காலத்தில் படுத்த கட்டில். சீலைகளைக் கறுப்புப் பைகளில் அள்ளிப் போட்டேன். இருவரில் மூத்தவர், இவ்வளவு நல்ல சாமான்கள், நிச்சயமாகத்தானா என்று கேட்டார். பிள்ளை வரப்போகிறது, இடம் வேண்டும் என்றேன். அவர் சந்தோஷப்பட்டார். படுக்க ஒரு மெத்தையையும் சுவரில் இருந்த மனைவியின் படத்தையும் மட்டும் வைத்துக்கொண்டேன், படத்தையும் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான்.

பிறகு முழங்காலில் நின்று நிலம் முழுவதையும் துடைத்தேன். கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குக் கவலையே இருக்கவில்லை.

"பிள்ளை, ஒண்டுமில்லை. இப்ப வாங்கோ."

"உண்மையாவோ, அப்பா?"

"ஓம். சத்தியமா."

சனிக்கிழமை அவர்களை ஸ்ரேஷனில் இருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். மகளிடம் பெரிய பயணப் பெட்டி இருந்தது. குழந்தைச் சாமான் என்று நினைத்தேன். கதவைத் திறந்ததும் பேத்தியை நான்தான் வாங்கி நிலத்தில் விட்டேன். அவள் இரண்டு உள்ளங்கையாலும் படார் படார் என்று தரையில் அடித்தாள். வெறும் அறையில் அது பெரிதாகக் கேட்டது. அது அவளுக்குப் பிடித்துவிட்டது. சிரித்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்குப் போனாள். தடக்குவதற்கு ஒன்றும் இல்லை. நான் அவளுக்குப் பின்னால் முழங்காலில் போனேன்.

மகள் சப்பாத்தைக் கழற்றாமல் அறை அறையாக நடந்த சத்தம் கேட்டது. குசினி அலுமாரி திறந்து மூடியது. பிறகு தன் பழைய அறைக்குப் போனாள். அங்கே நெடுநேரம் நின்றாள். திரும்பி வந்து சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தாள்.

"அம்மான்ரை சீலையள் எங்கை?"

"குடுத்திட்டன்."

"உரல்?"

"அதையும்தான்."

"நான் தோட்டாவைத்தானே எடுக்கச் சொன்னனான், அப்பா."

"எல்லாத்துக்குள்ளையும் இருந்தது, பிள்ளை."

அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். குழந்தை தவழ்ந்து போய் அவள் மடியைப் பிடித்து எழும்பப் பார்த்தது. அதைத் தூக்கி வைத்துக்கொண்டு, சாதாரணமாகக் கதைப்பது போலச் சொன்னாள்: "ஒரு கிழமை நிப்பம் எண்டு லீவு போட்டிட்டு வந்தனாங்கள். இவ அம்மான்ரை சீலையிலை கட்டின ஏணைத் தொட்டிலுக்குள்ளை படுக்கட்டும் எண்டு நினைச்சன்."

என் மெத்தை இருக்கிறது, அதில் படுங்கள், நான் நிலத்தில் படுக்கிறேன் என்றேன். பின்னேரம் போய் ஒரு கட்டில் வாங்கி வருகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அம்மான்ரை செத்தவீட்டுக்கு இன்றைக்குத்தான் வந்த மாதிரிக் கிடக்கு என்றாள். குழந்தையை என் ஆசை தீரத் தவழவிட்டாள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பொழுது படும் நேரத்து ரயிலில் இருவரும் போய்விட்டார்கள்.

நான் திரும்பி வந்து கதவைத் திறந்தேன். ஒரு பச்சைப்பிள்ளைக்கு அதைவிடப் பாதுகாப்பான வீடு அந்தத் தொடர்மாடியில் வேறு இருந்திருக்காது.