கோவர்த்தனன் கிணற்றில் இல்லாத நெருப்பு

எத்திராஜ் கிணற்றுக்குள் செத்துப்போன அன்றைக்கே அதற்குக் காரணமும் கிடைத்துவிட்டது. எரிமலை என்றார்கள்.

சொன்னவர் உமாபதி. பட்டாளத்தில் இருந்தவர், இரண்டாவது உலகச் சண்டை முடிகிற நேரத்தில் ஜாவா வரைக்கும் போய் வந்தவர். பிச்சாட்டூருக்கு மேற்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் எரிமலையைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள். கிணற்று மேட்டில் குவிந்திருந்த கல்லில் ஒன்றை எடுத்து முகர்ந்தார், கீழே போட்டார்.

"அதே கல்லுதாம்பா. அதே கருப்பு, அதே கெந்தக நாத்தம். அங்க கிட்டப் போனா மூச்சை அடைக்கும். இங்க அடியில கீது, அவ்ளோதான்."

யாரும் மறுக்கவில்லை. சுற்றுவட்டாரக் கிணறுகளில் எல்லாம் வெளிர்க் கல்தான். இங்கே மட்டும் தார் போலக் கருப்பு. பிணத்தைத் தூக்கிய பிறகும் கிணற்று வாயில் புகை நின்றது. எத்திராஜின் அண்ணன் கோவர்த்தனன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அவருக்குத் தெரியும். காலையில் பாறைக்கு வெடி வைத்த பச்சையப்பன் கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போனான்: "இன்னிக்கு எறங்க வேணாங்க. மருந்துப் பொகை அடியில படுத்துக்கினு கெடக்கும். நாளைக்குப் பாத்துக்கலாம்." தண்ணீர் இல்லாமல் நாற்றங்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. உடைந்த கல்லை அன்றே மேலேற்றிவிட்டால் மறுநாள் அடுத்த வெடி வைக்கலாம் என்று கோவர்த்தனன் அவசரப்பட்டார். தம்பி கிணற்று வாயில் தயங்கி நின்றான்.

"பொகை இன்னா, உன்னத் துன்னுடுமா? உன் பொண்டாட்டியக் கூப்ட்டு எறக்கட்டுமா?"

எத்திராஜ் சிரித்தான். சிரித்துக்கொண்டே கயிற்றைப் பிடித்தான்.

அப்பா போன பிறகு அந்தத் தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர் கோவர்த்தனன். தனக்கென்று குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. பெண் பார்த்தது, கல்யாணம் செய்து வைத்தது, இரண்டு பிள்ளைகளுக்கும் பேர் வைத்தது எல்லாம் அவர். ஊரில் பஞ்சாயத்து என்றால் முன்னால் நின்று பேசுகிறவர், அன்றைக்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. எரிமலை அவருக்கு ஒரு கூரை மாதிரி ஆகிவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் போகப் போக அவரே அதைச் சொல்லத் தொடங்கினார்.

தம்பி மனைவி தாட்சாயணி கிணற்று வாயை முள் போட்டு அடைத்தாள். வெள்ளிக்கிழமை தோறும் அங்கே கர்ப்பூரம் ஏற்றினாள். அந்த நெருப்பு தன் பிள்ளைகளையும் கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள். நாற்று போயிற்று. அடுத்து விதைத்த வேர்க்கடலையும் போயிற்று. எந்த ஊர் மெட்ராசுக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்று அதிகாரிகள் ஜீப்பில் திரிந்த வருஷம் அது. திருத்தணியிலிருந்து அவளுடைய அண்ணன் வந்து, "எங்க பக்கம் மெட்ராசோட சேந்துடும். இந்த நெருப்புக் காட்டுல இன்னா கீது? பசங்கள இட்டுக்கினு வா" என்றான். சித்திரை பிறந்ததும் வருவதாக அவள் ஒப்புக்கொண்டாள். அவள் போனால் எத்திராஜின் பிள்ளைகள் இந்த மண்ணுக்குத் திரும்பப் போவதில்லை.

அந்த மாசிதான் இயேசுதாசன் வந்தார். சித்தூர் மிஷன் குடும்பத்துக்காரர், திருப்பதியில் காலேஜ் வாத்தியார், கல்லைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். மலை மேலும் வயல் மேலும் ஓடுகிற கருப்புக் கல் வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தவர், பிச்சாட்டூர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார். கோவர்த்தனன் ஒரு கல்லைத் துண்டில் முடிந்துகொண்டு போனார். படித்தவர் ஒருவர் வாயால், அதில் நெருப்பு உண்டு என்று கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது.

"இது எரிமலைக் கல்லுதானே சார்?"

"நெருப்புல பொறந்ததுதான். ஆனா இங்க எரிமலை கெடயாதுங்க."

"ஜாவாவுல கீதே?"

"பூமியோட தோலு எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இல்ல. ஜாவா, ஜப்பான் பக்கம் கடலோரமா பெரிய கிழிசல். இன்னும் அசைஞ்சுகினே கீது. அடியில உருகுற கல்லு அது வழியா மேல வருது. ஏன் அங்க மட்டும் கிழிஞ்சுதுன்னு முழுசா யாருக்கும் புரியல. நம்ம பக்கம் ரொம்பக் கெழடு. புல்லு பூண்டு மொளைக்கறதுக்கு முன்னயே தடிச்சுக் குளுந்து போச்சு. அப்புறம் ஒரு காலத்துல இங்கயும் விரிசல் வுட்டு, உருகின கல்லு ஏறி வந்து, விரிசல ரொப்பி, அங்கயே ஆறிடுச்சு. அதான் இது. கோடி கோடி வருஷம் ஆச்சு."

"அடியில கொஞ்சங்கூட இல்லியா சார்? ஒரு ஓரமா?"

இயேசுதாசன் அவரை வியப்புடன் பார்த்தார். "ஏங்க, எரிமலை இல்லன்னா சந்தோஷந்தானே படணும்?"

கோவர்த்தனன் கல்லைத் திரும்பத் துண்டில் முடிந்தார். கிணறு எங்கே இருக்கிறது என்று வாத்தியார் விசாரித்தார். பிறகு சொன்னார்: "இந்தக் கல்லு மண்ணுக்குள்ள செவுரு மாதிரி நிக்குது. மேக்கால மலைத் தண்ணி அதுல முட்டிக்கினு நிக்கும். நீங்க கெழக்கால வெட்டிக்கினு வந்துருக்கீங்க. அந்தச் செவுத்தைத் தாண்டுங்க, தண்ணி கெடைக்கலாம்."

கோவர்த்தனன் ஊருக்குத் திரும்பி நடந்தார். தண்ணீர் இருக்கிறது. அதைச் சொன்னால் முள்ளை எடுக்க வேண்டும். முள்ளை எடுக்க வேண்டுமென்றால் நெருப்பு இல்லை என்று சொல்ல வேண்டும். நெருப்பு இல்லையென்றால், எத்திராஜைக் கொன்றது யார்?

வெள்ளிக்கிழமை கிணற்று மேட்டில் தாட்சாயணி கர்ப்பூரத்தோடு குனிந்திருந்தாள். கோவர்த்தனன் எதிரில் போய் நின்றார்.

"அடியில நெருப்பு இல்லம்மா, கல்லைத் தாண்டினா தண்ணிதான் கீதுன்னு காலேஜ் வாத்தியாரு சொல்றாரு. தம்பியக் கொன்னது மருந்துப் பொகை. பச்சையப்பன் எறங்க வேணாம்னான். நான்தான் எறங்கச் சொன்னேன்."

அவள் நிமிரவில்லை. "இன்னான்னு சொன்னீங்க?"

அன்றைக்குத் தம்பியிடம் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னார். அவளை இழுத்துப் பேசிய இடத்தையும் விடவில்லை.

"அதுக்கு அவரு?"

"சிரிச்சான்."

அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கர்ப்பூரம் எரிந்து தீர்ந்தது. "இத்தினி மாசம் இந்தக் கல்லக் கும்பிட்டுக்கினு கெடந்தேன். ஒங்களுக்கு வாய் இருந்துதே" என்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறு யாரிடமோ கேட்பது போல, "தண்ணி கீதுன்னாரா அவரு?" என்றாள்.

"கீதுன்னாரு."

"அப்ப வெட்டுங்க. நான் எங்கயும் போவல."

பச்சையப்பன் மறுபடி வந்தான். மேற்குப் பக்கம் துளை போட்டு, திரி கிள்ளி, வெடி வைத்தான். தரை அதிர்ந்தது. புகை குபுகுபுவென்று மேலே வந்தது. அது அடங்குவதற்குள் கோவர்த்தனன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். பச்சையப்பன் கத்தினான். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஒரு கால் உள்ளே இறங்கிவிட்டது.

தாட்சாயணி ஓடி வந்து அவர் முன்கையைப் பிடித்து இழுத்தாள். புருஷனுக்கு அண்ணனான மச்சாண்டாரைத் தொட்டுப் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"செத்துத் தப்பிச்சுக்கலாம்னு பாக்கறீங்களா? ரெண்டு புள்ளைங்கள யாரு பாக்கறது? மேல வாங்க."

அவர் மேலே வந்தார். அன்றைக்கு முழுவதும் கிணற்றுக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் அவருமாக உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் அவள் தலையசைத்த பிறகுதான் இறங்கினார். உடைந்த கல்லை வாரியபோது மேற்குச் சுவரில் ஈரம் கசிந்தது. உச்சிப் பொழுதுக்குள் கணுக்கால் நனைந்தது. மேலேயிருந்து பச்சையப்பன், "இன்னாங்க, கீதா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தான். கோவர்த்தனன் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினார்.

எல்லை பிரித்தபோது அந்த ஊர் ஆந்திராவில் நின்றது. கோவர்த்தனன் அதற்குப் பிறகு நெடுநாள் இருந்தார். தம்பி பங்குக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுத்தான் தன் பங்குக்கு மடை திறப்பார். தாட்சாயணி வேளை தவறாமல் சோறு அனுப்பினாள். முன்போல மாமா என்று மட்டும் அவரைக் கூப்பிடவேயில்லை, அவர் கண்மூடிய நாள் வரைக்கும்.