ரேங்க் லிஸ்ட்டில் என் ஓட்டு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சின்ன யுத்தம்.

ஒரு பக்கம் நான். எதிர்ப்பக்கம் என் மகள் யாழினி. ப்ளஸ் டூ முடித்தவளுக்கு இரண்டு இடத்தில் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருந்தது. ஒன்று, தூரத்தில் ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகம். இன்னொன்று, எங்கள் ஆரணியில் வேலூர் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் போய் இறங்கிவிடக்கூடிய ஒரு காலேஜ். இரண்டிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். மாலை ஐந்து மணிக்குள் ஆன்லைனில் 'சம்மதம்' சொல்லாவிட்டால் பல்கலைக்கழக சீட் வேறு யாருக்கோ போய்விடும்.

அவளுக்குப் பக்கத்துக் காலேஜ்தான் வேண்டுமாம். எனக்குப் பல்கலைக்கழகம். என் கையில் ஆயுதம் இருந்தது — ஒரு ரேங்க் லிஸ்ட்!

சாதாரண லிஸ்ட் அல்ல. எந்தப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் தேவலை என்று ஆள் எடுக்கும் கம்பெனிகளிடமே கேட்டுப் போட்ட வரிசை. அதில் 'நம்ம' பல்கலைக்கழகம் முதல் பத்துக்குள். பக்கத்துக் காலேஜைத் தேடித் தேடி எனக்குக் கண்தான் வலித்தது.

"வேலை குடுக்கறவனே சொல்லிட்டான். இதுக்கு மேல உனக்கு இன்னா வேணும்?" என்று கத்தினேன். எனக்குக் கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி. வாராவாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

யாழினி நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து வந்தாள் பிரியா, என் அண்ணன் மகள். சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் எச்.ஆர். காலேஜ் காலேஜாகப் போய் ஆள் எடுப்பதுதான் அவள் வேலை. ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தாள். சாட்சி தானாக வீடு தேடி வந்ததில் எனக்கு ஒரே குஷி.

"வா பிரியா, நீயே சொல்லு இவளுக்கு!"

"இருங்க சித்தப்பா, ஒரு மெயில் பேஜார் பண்ணிகினு இருக்குது. ஜல்தியா முடிச்சிட்டு வந்துடறேன்."

சோஃபாவில் சாய்ந்தபடி போனில் எதையோ டிக் அடித்துக்கொண்டே போனாள். என்ன என்று கேட்டேன்.

"நீங்க கையில வெச்சிகினு இருக்கீங்களே, அதே லிஸ்ட்டுதான். வருஷா வருஷம் எங்களுக்கு அனுப்புவாங்க. மார்க் போடணும். இன்னிக்கு கடைசி நாள்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. அடுத்த வருஷ ரேங்க் என் வீட்டு சோஃபாவில் தயாராகிறது!

பிரியா நிமிர்ந்தாள். "இந்த யூனிவர்சிட்டி எப்படி சித்தப்பா? இங்க நாங்க ஆள் எடுத்ததே இல்ல."

எட்டிப் பார்த்தேன். நம்மதேதான்!

"அதுவா? ஃபர்ஸ்ட் கிளாஸ் யூனிவர்சிட்டி!"

"அப்படியா?" என்றாள். ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள்.

புடவை மடித்துக்கொண்டிருந்த என் மனைவி கலா சிரித்துவிட்டாள். "ஏங்க, அது ஃபர்ஸ்ட் கிளாஸுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"இந்த லிஸ்ட்..." என்று ஆரம்பித்தவன், அப்படியே நிறுத்தினேன்.

லிஸ்ட்டைப் பார்த்து நான் சொல்கிறேன். நான் சொன்னதைக் கேட்டு பிரியா மார்க் போடுகிறாள். அந்த மார்க் அடுத்த வருஷம் லிஸ்ட்டாக வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்த ஊரிலோ ஓர் அப்பா தன் மகளிடம் கத்துவார்... இல்லையா?

பிரியாவுக்கும் உறைத்துவிட்டது. "எல்லாமே பொய்யின்னு சொல்ல மாட்டேன் சித்தப்பா. நாங்க ஆள் எடுத்த எடம்னா, பசங்க எப்படி வேலை செய்யறாங்கன்னு தெரியும். ஆனா நாங்க எங்க போவோம்? ஒரே நாள்ல நூறு பேரு கெடைக்கற எடத்துக்கு. நல்லா சொல்லித் தராங்களான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? கிளாஸ்ல போய் உக்காந்தோமா இன்னா?"

"எங்க யாவாரமும் அதேதான்" என்றாள் கலா. பட்டுப்புடவை வாங்கி விற்கிறவள். "ஒரே வீட்ல இருபது புடவை கெடைச்சா மெட்ராஸ் கடைக்காரங்க அங்கதான் போறாங்க. மாசத்துக்கு ரெண்டு நெய்யற வீட்டுப் படி ஏற மாட்டாங்க. அதுக்காக அந்தப் புடவை மட்டமா?"

பிரியா போனை எடுத்து அந்த மார்க்கை அழித்து, 'தெரியாது' என்று மாற்றினாள். அப்படியும் ஒரு கட்டம் அதில் இருந்திருக்கிறது. அவசரத்தில் கவனிக்கவில்லையாம்.

பிறகு யாழினி பக்கம் திரும்பினாள். "உனக்கு ஏன்டி அந்த காலேஜ் புடிச்சுது?"

ஒரு வாரமாகச் சண்டை போடுகிறேன். இந்த ஒரு கேள்வியை நான் கேட்கவே இல்லை.

"நாம பாக்கப் போனப்ப நீங்க ஆபீஸ்ல பேசிகினு இருந்தீங்க இல்லப்பா... நான் வராண்டால நின்னுகினு இருந்தேன். பக்கத்துல கிளாஸ் நடந்துச்சு. ஒரு அக்கா எழுந்து தப்பா பதில் சொன்னாங்க. மேடம் திட்டல. 'சரி, நீ சொல்றபடியே போட்டுப் பாக்கலாம்'னு அந்தத் தப்பையே போர்டுல கடைசி வரைக்கும் போட்டாங்க. எங்க இடிக்குதுன்னு அந்த அக்காவே கண்டுபுடிச்சிட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அந்த அக்காவும்தான்."

பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"நான் தப்பா சொன்னா ஸ்கூல்ல கத்துவாங்க. வீட்ல நீங்க கத்துவீங்க. பயந்துகினே படிச்சிட்டேன்ப்பா. இனிமே பயப்படாம படிக்கணும்."

நல்ல கல்வி எது என்று இந்தப் பக்கத்தில் எத்தனை வாரம் அளந்திருப்பேன்! என் பெண் அதை ஒரு வகுப்பு வாசலில் நின்று நேரிலேயே பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த நேரத்தில் நான் ஆபீஸில் உட்கார்ந்து, எந்தெந்த கம்பெனி வரும் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து அவள் பக்கத்தில் போனேன். அவள் தலையில் கை வைத்து, "அங்கயே படி கண்ணு" என்று முணுமுணுத்தேன்.

"இன்னாப்பா சொன்னீங்க? கேக்கல."

அவள் பிறந்ததிலிருந்து என் குரல் அவளுக்குக் கேட்காமல் போனது அன்றைக்குத்தான்.

ஐந்து மணிக்குப் பல்கலைக்கழக சீட் போனது. வேலை கிடைக்குமா என்ற கலக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். யாழினி மட்டும் ஒரு வாரம் கழித்து அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

நல்லவேளை... அப்பாக்களுக்கு யாரும் ரேங்க் போடுவதில்லை!