டார்ஜிலிங்கில் பத்து இருபது, இலாமில் பத்து முப்பத்தைந்து

டார்ஜிலிங்கில் முதல் நாள் அறை முழுக்க வெயில். எட்டு மணி இருக்கும் என்று குளித்துக் கிளம்பி, கீழே போய் டிபன் ரெடியா என்று மேசையைத் தட்டினேன். போர்வைக்குள்ளிருந்து லாட்ஜ் பையனின் கை சுவர்க் கடிகாரத்தைக் காட்டியது. ஐந்தேகால்! எங்கள் நசரத்பேட்டையில் அந்நேரம் தெருவிளக்கே அணைந்திருக்காது. ஒரே நாடு, ஒரே மணி. சூரியன் மட்டும் அங்கே முன்னாலேயே டூட்டிக்கு வந்துவிடுகிறது.

போன மே மாதம் நாங்கள் குடும்பத்தோடு போனது ஊர் சுற்ற மட்டுமல்ல. அம்பத்தூரில் ஐ.டி. வேலை பார்க்கும் என் மகள் நித்யா, கூட வேலை செய்யும் பிகாஷைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். பையனுக்குச் சொந்த ஊர் நேபாளத்தின் இலாம். என் மனைவி மல்லிகா அவளோடு பேச்சை நிறுத்தி, பிறகு ஒரே நிபந்தனையோடு இறங்கி வந்தாள். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கும் முன் பையன் வீட்டில் வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றிவிட வேண்டும். தவறினால் சம்பந்தம் இல்லை.

டார்ஜிலிங் வெள்ளைக்காரன் காலத்து மலை ஊர். பொம்மை ரயில், பழைய கட்டடங்கள், நல்ல தேநீர் எல்லாம் உண்டு. கூடவே பாண்டி பஜார் கூட்டமும் உண்டு. இரண்டு நாளும் பனிமலையை மேகம் காட்டவே இல்லை.

வெள்ளி காலை ஐந்தரைக்கு ஜீப். எல்லை வரை 2,500 ரூபாய். எல்லையில் இறங்கி, வாக்காளர் அட்டையைக் காட்டி, நேபாள ஜீப் மாற வேண்டும். மொத்தம் எண்பது கிலோமீட்டர் இருக்கும், அத்தனையும் வளைவு. எனக்குத் தெரிந்த இந்தி 'ஜல்தி' ஒன்றுதான். டிரைவர் ஒவ்வொரு முறையும் சிரித்தார். பிறகு டீ குடிக்க நிறுத்தினார்.

இலாமும் பழைய தேயிலை ஊர்தான். ஆனால் தோட்டம் கடைத்தெரு வரை இறங்கி வருகிறது, ஹாரன் சத்தம் குறைவு. என் ஓட்டு இலாமுக்கே.

பிகாஷ் வீட்டு வாசலில் என் கைக்கடிகாரத்தில் பத்து இருபது. ஜெயித்துவிட்டோம் என்று உள்ளே நுழைந்தால், மல்லிகா சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

"இன்னாங்க இது, பத்து முப்பத்தஞ்சு காட்டுது? ராவு காலம் பொறந்துடுச்சே!"

"என் வாட்ச்ல பத்து இருவதுதான் கீது."

"உங்க வாட்ச்சு கெடக்குது. யார் ஊட்ல நிக்கிறோம்? அவங்க மணிதானே கணக்கு?"

நித்யாவின் முகம் வெளுத்தது. "ஐயோ, இங்க கால் மணி முன்னாடிப்பா. மறந்தே போய்ட்டேன்."

டார்ஜிலிங்குக்கு மேற்கே இருக்கிற ஊரில் மணி எப்படி முன்னால் போகும்? எனக்குத் தலை சுற்றியது. மல்லிகா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பிகாஷ் தன் அம்மாவிடம் ஏதோ சொன்னான். அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கடிகாரத்தைக் கழற்றி, முள்ளைக் கால் மணி பின்னால் திருப்பி மாட்டினார். இறங்கி நின்று நேபாளியில் ஏதோ சொன்னார்.

"இன்னிக்கு இந்த ஊட்ல சென்னை டைம்தானாம், ஆன்ட்டி," என்றான் பிகாஷ். அவன் பேசிய தமிழ் அம்பத்தூர் ஷேர் ஆட்டோத் தமிழ்!

மல்லிகா அந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டை நீட்டினாள். மாற்றிக்கொண்டார்கள். நித்யா அழுதாள், பிகாஷும் அழுதான்.

போகிறவர்களுக்கு: பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை அவசியம். நம் சிம் எல்லையோடு சரி, போன் மணியை நம்பாதீர்கள். எல்லையிலேயே கடிகாரத்தைக் கால் மணி முன்னால் வையுங்கள். டார்ஜிலிங்குக்கு இரண்டு நாள் போதும், இலாமுக்கு மூன்று வையுங்கள்.

அந்த அம்மா ஸ்டூல் தேடி, ஏறி, இறங்கி, மல்லிகா மனம் மாறித் தட்டை நீட்டியபோது என் கைக்கடிகாரத்தில் பத்து முப்பத்து நாலு; நல்லவேளை, மல்லிகா சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. சட்டைக் கையை மெல்ல இழுத்துவிட்டுக்கொண்டேன்.