இரண்டாவது முட்டை

புதுவாயலில் நான் சாப்பிட்டுவந்த மெஸ்ஸை நடத்திய அக்காவுக்கு இடது கண்ணில் பார்வை கிடையாது. சுவரில் எந்நேரமும் டிவி ஓடும். கிணற்றில் தள்ளப்பட்டுச் செத்த சிறுமி பேயாக வந்து, தள்ளிவிட்ட தோழிகளைப் பழிவாங்கும் தொடர் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. பேய் வந்ததும் அக்கா கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவார். சாம்பார் கேட்டாலும் கிடைக்காது.

ஷிப்ட் முடிந்து பசியோடு வந்த நான் ஒருநாள் கேட்டேன். "இன்னாக்கா, நீ பேய் கட்சியா?"

"பாவம்பா அது. பழிவாங்குறதுக்கு செத்துல்ல போவ வேண்டியிருக்குது!" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சின்ன வயசுல கல்லால அடிச்சு என் கண்ணைப் போக்கினவன், அதோ மூலைல குந்திக்கினு துன்றான் பாரு. ரோடு பூரா ஓட்டலு கீது, இங்கதான் வர்றான். எல்லாருக்கும் ஒரு முட்டைதான். அவனுக்கு மட்டும் ரெண்டு வைப்பேன்."

"ஏன்க்கா?"

"என்னிக்கு நிமிந்து என் மூஞ்சியப் பாத்துத் துன்றானோ, அன்னிக்கு ஒண்ணோட நிறுத்திக்கிறேன்."

அந்த ஆள் குனிந்த தலையோடு இரண்டாவது முட்டையைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் நான் காட்டுப்பள்ளிக்கு வேலை மாறிப் போனேன். இப்போதும் பேருந்து புதுவாயலைத் தாண்டும்போது, அவர் இலையில் இன்று எத்தனை முட்டை என்று யோசித்துக்கொள்கிறேன்.