வசனம் எடுத்துக் கொடுத்தவர்

என் கணவர் வஸ்ஃபி சினிமாவில் இருந்தவர் என்று நானாக யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் எந்தப் படம், என்ன வேஷம் என்று கேட்பார்கள். நாற்பத்தேழு படங்களில் வேலை செய்திருக்கிறார். ஒன்றிலும் அவர் முகம் இல்லை, குரல் இல்லை, பெயரும் இல்லை.

அந்தக் காலத்தில் இஸ்தான்புல்லில் படம் பிடிக்கும்போது ஒலிப்பதிவு கிடையாது. குரலைப் பிற்பாடு வேறு யாராவது கொடுப்பார்கள். நட்சத்திரங்கள் ஒரே நாளில் மூன்று படத்தில் நடித்தார்கள். வசனம் மனப்பாடம் செய்ய யாருக்கு நேரம்? கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று வரிவரியாக உரக்க எடுத்துக் கொடுப்பார், அவர்கள் கேட்டு அப்படியே சொல்வார்கள். அந்த ஒருவர்தான் வஸ்ஃபி. கதாநாயகனின் காதலும் வில்லனின் மிரட்டலும் இவர் வாயிலிருந்துதான் முதலில் வந்தன. 'அம்மா, நான் முழுகாமல் இருக்கிறேன்' என்று இந்த மீசையை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் கத்தியிருக்கிறார்.

சினிமா படுத்த பிறகு பாஸ்டனுக்கு வந்து இருபத்தாறு வருடம் நகரப் பேருந்து ஓட்டினார். நிறுத்தங்களின் பெயரை அவர் சொல்கிற தினுசில், இறங்க வேண்டாதவர்கள்கூட எழுந்து நின்றுவிடுவார்களாம். இதுவும் அவர் சொன்னதுதான். மனிதர் கொஞ்சம் அளப்பார்.

ஆனால் ஒரு படத்தில் மட்டும் தான் இருப்பதாக அடித்துச் சொல்வார். கடற்கரையில் ஒரு காட்சி. சாயங்கால வெயிலில், படகுக் கொட்டகையின் வெள்ளைச் சுவரில் அவருடைய நிழல் விழுந்துவிட்டதாம். தலையில் தொப்பி, கையில் வசனத்தாள். பிலிம் தட்டுப்பாடு என்பதால் திரும்ப எடுக்காமல் விட்டுவிட்டார்களாம். அந்தப் படத்தின் பிரதி நாற்பது வருடமாக எங்கேயும் கிடைக்கவில்லை. நானும் பார்த்ததில்லை, நம்பியதும் இல்லை.

எங்கள் சம்பந்தி ரிஃப்கி ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"என்ன சம்பந்தி, நிழலைக் கூட்டிட்டு வரலையா? வெளியில வெயில் இல்லையோ?"

வஸ்ஃபி சிரித்துக்கொண்டே தேநீரைக் கலக்குவார். கலக்கிக்கொண்டே இருப்பார்.

இந்த வசந்தத்தில் எங்கள் ஊர் துருக்கித் திரைப்பட, இசை விழாவின் பட்டியல் வந்தது. மூன்றாவது வரியில் அந்தப் படம். வஸ்ஃபி உடனே சம்பந்திக்கு ஃபோன் போட்டார்.

"சனிக்கிழமை வந்து உங்க கண்ணாலேயே பாருங்க. அதுக்கப்புறம் பேசுவோம்."

"நிழல் தெரியலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"ஏன் தெரியாது? சுவரும் பெருசு, அப்ப நானும் பெருசு."

பேருந்துக் காலத்து நண்பர்கள், மகள், மருமகன் என்று பதினோரு பேரைத் திரட்டிவிட்டார். நல்லபடியாக முடிய வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு நான் ஒரு பெட்டி பலகாரம் கட்டினேன்.

அரங்கில் ஓர் இடம் காலியில்லை. முதலில் துருக்கித் தந்தி வாத்தியங்களான ஊத், கானூன் வாசிக்கும் இருவர் மூன்று பாட்டு வாசித்தார்கள். இரண்டாவது பாட்டிலேயே சம்பந்தி கைக்குட்டையை எடுத்துவிட்டார். அது வருடாவருடம் நடப்பது. பிறகு விழாவை இருபது வருடமாக நடத்தும் ஃபெர்தா மைக்கைப் பிடித்தாள். தன் காரிலேயே சுவரொட்டிகளை ஏற்றிக்கொண்டு கடைகடையாக ஒட்டி இந்த விழாவை வளர்த்தவள் அவள். முகமெல்லாம் பூரிப்பு.

"நாம இன்னிக்குப் பார்க்கப்போறது புதுப் பிரதி. ஒவ்வொரு ஃபிரேமா தொடச்சுச் சுத்தம் பண்ணியிருக்காங்க. கீறல் இல்லை, கறை இல்லை. ஒரு சுவத்துல விழுந்திருந்த வேண்டாத நிழலைக்கூட எடுத்துட்டாங்க!"

அரங்கமே கைதட்டியது. என் கைக்குள் இருந்த கையை வஸ்ஃபி மெல்ல உருவிக்கொண்டார்.

சம்பந்தி பக்கத்து இருக்கையிலிருந்து சாய்ந்தார். "வேண்டாத நிழல்னு அந்தப் பொண்ணு சொன்னது உங்களையா சம்பந்தி? இல்லை, அதுவும் வேற யாரோடதாவதா?"

எனக்கு வந்ததே கோபம்! நாற்பது வருடமாக நான் கேலி செய்தவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. அது பெண்டாட்டியின் உரிமை. இவர் யார்? மடியிலிருந்த பலகாரப் பெட்டியால் தலையில் ஒன்று வைத்திருப்பேன், விளக்கை அணைத்துவிட்டார்கள்.

கதாநாயகிக்குப் படத்தில் பார்வை கிடையாது. நல்ல நடிகை. யார் பேசினாலும் நேரே எங்கேயோ வெறித்தபடிதான் பதில் சொன்னாள். கடற்கரைக் காட்சி வந்தது. படகுக் கொட்டகை வந்தது. சுவர் பால் போல் இருந்தது, ஒரு பொட்டு நிழல் இல்லை. வஸ்ஃபி தலையைக் குனிந்துகொண்டார். என் மனசு உடைந்துவிட்டது.

குனிந்தபடியே அவர் உதடு அசையத் தொடங்கியது. பழக்கம்தான்.

"இன்னிக்குக் கடலுக்குக் கோபம்..." என்று முணுமுணுத்தார்.

பேசாமல் இருங்கள் என்று இடிக்கப் போனவள், திரையைப் பார்த்ததும் முழங்கையை அப்படியே நிறுத்திவிட்டேன். இத்தனை நேரம் நேரே வெறித்துக்கொண்டிருந்தவளின் கண்கள் சட்டென்று இடது ஓரம் போயின. ஒரு நொடி காத்திருந்தாள். பிறகு, "இன்னிக்குக் கடலுக்குக் கோபம்" என்றாள். இவர் அடுத்த வரியை முணுமுணுத்தார். மறுபடி அவள் கண்கள் அதே ஓரம் போயின, காத்திருந்தன, வாய் திறந்தது.

"வஸ்ஃபி, அவ எங்க பாக்குறா?"

"அன்னிக்கு ஒரே காத்து, என் சத்தம் கேக்கலை. என் உதட்டைப் பாத்துச் சொல்லும்மான்னேன்."

நான் சம்பந்தியின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். "சுவத்தை விடுங்க. அந்தப் பொண்ணோட கண்ணைப் பாருங்க. இவர் உதட்டையும் பாருங்க."

அவர் திரையைப் பார்த்தார், வஸ்ஃபியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைத்தவர், அன்று தானே வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

படம் முடிந்து கேள்வி நேரம். முன்வரிசையில் ஒரு கல்லூரி மாணவி எழுந்தாள். "பார்வையில்லாத பெண்ணாக நடிப்பவர் கடற்கரையில் மட்டும் எதையோ ஓரமாகப் பார்க்கிறாரே, இயக்குநர் எப்படி விட்டார்?" என்று கேட்டாள். ஃபெர்தா தன் குறிப்புத் தாளைப் புரட்டினாள்.

"நான் சொல்றேன்!" சம்பந்தி எழுந்துவிட்டார். "அவ எதையோ பாக்கலை, இவரைப் பாக்குறா. அந்தப் படத்துல எல்லாருக்கும் வசனம் எடுத்துக் குடுத்தவர் இவர். நிழலைத் தொடச்சுட்டாங்க, அவ பார்வையைத் தொடைக்க முடியுமா? எந்திரிங்க சம்பந்தி! எந்திரிங்கன்னா!"

வஸ்ஃபி எழுந்தார். முந்நூறு பேரும் திரும்பினார்கள். ஃபெர்தா ஓடிவந்து மைக்கை அவர் கையில் கொடுத்தாள். நாற்பத்தேழு படத்துக்குப் பேசிய மனிதருக்கு, தனக்கென்று ஒரு வார்த்தை வரவில்லை. மைக்கைப் பிடித்தபடி என்னைக் குனிந்து பார்த்தார். என் உதட்டையே பார்த்தார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

"'ஆமா, அது நான்தான்'னு சொல்லுங்க."

"ஆமா," என்றார் வஸ்ஃபி, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி. "அது நான்தான்."