மச்சான் நீட்டிய கை

மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் பின்கட்டில் குரங்குக் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. எல்லோருக்கும் அவர் ‘கூண்டு மாமா’. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. “உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்” என்பாள் மனைவி. வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அங்கே குரங்குகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது, எண் மட்டும்தான். ஏன் என்று யாரும் விளக்கியதில்லை, விளக்கவும் வேண்டியதில்லை. மாமா விதியை மதிக்கிற ஆள்தான். ஆனால் மூலைக் கூண்டிலிருந்த ஒன்றை மட்டும் ‘மச்சான்’ என்று கூப்பிட்டார். “உன் தம்பி மாதிரியே இருக்கான். கோவிச்சுக்கிட்டு முதுகைக் காட்டி உக்காருவான், சாப்பாட்டு நேரத்துக்கு டாண்ணு திரும்பிடுவான்” என்று மனைவியிடம் விளக்கம் வேறு. அன்றைக்குச் சாப்பாட்டை அவரே போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

ரத்தம் எடுக்கக் கூண்டின் பின்பலகையை முன்னால் இழுத்துக் குரங்கைக் கம்பியோடு நெருக்கிப் பிடிப்பார்கள். அது கத்தும், எல்லாக் கூண்டும் சேர்ந்து கத்தும். மாமாவால் அதைத் தாங்க முடியவில்லை. வாழைப்பழத் துண்டோடு மாதக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து, மச்சானைக் கம்பி வழியே கை நீட்டப் பழக்கினார். முதலில் விரல் வந்தது, பிறகு மணிக்கட்டு, அப்புறம் முழங்கை வரைக்கும் வந்துவிட்டது. ஊசி இறங்கும்போது மச்சான் ஊசியைப் பார்க்காது, மாமாவின் முகத்தைத்தான் பார்க்கும்.

“என்னை நம்புறான் மேடம்” என்றார், ஆராய்ச்சிக்குப் பொறுப்பான டாக்டரம்மாவிடம்.

“நம்பிக்கையா, பழத்து மேல ஆசையான்னு அதுகிட்டதான் கேக்கணும் மாமா. கேக்க வழியில்லையே.”

மறுநாள் மாமா பழம் இல்லாமலே கை நீட்டச் சொன்னார். நீட்டியது. அந்தப் பெருமையைக் கேன்டீன் வரைக்கும் கொண்டுபோய்ப் பரப்பினார்.

அந்த ஆராய்ச்சி முடிந்தபோது ஒரு பேச்சு அடிபட்டது. சில குரங்குகளை வேலி போட்ட ஒரு தோப்பில் விட்டுவிடப் போகிறார்களாம். அந்தச் சமயம் பார்த்து டாக்டரம்மா வந்தார். “இருக்கறதுலயே எது ரொம்ப அடக்கமா இருக்கும் மாமா?”

சமர்த்துப் பிள்ளைக்குத்தான் பரிசு. மாமாவுக்குத் தெரிந்த உலகம் அது. கொஞ்சமும் யோசிக்கவில்லை. “நம்ம மச்சான்தான் மேடம்! பிடிக்க வேணாம், மயக்க மருந்து வேணாம். கையை நீட்டுடான்னா நீட்டுவான்!”

பிறகுதான் விஷயம் தெரிந்தது. பயந்து திமிறுகிற குரங்கின் ரத்தத்தில் முடிவுகள் தப்பாகிவிடுமாம். அதனால் அடுத்த சோதனைக்கு அமைதியான குரங்குதான் வேண்டும். அது முடிந்ததும் அறுத்துப் பார்ப்பார்கள். தோப்புக்குப் போவது கடிக்கிற, கத்துகிற, ஒன்றுக்கும் உதவாத கூட்டம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் ஒருத்தருடையது, கெட்டது இன்னொன்று.

மாமா ஓடினார். “மேடம், நான் சும்மா பீத்திக்கிட்டேன். அது திமிறும், கடிக்கும்.”

டாக்டரம்மா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கல்நெஞ்சக்காரி இல்லை அவர். “சரி, வாங்க. என் கண் முன்னால ஒரு தடவை திமிறட்டும், வேற ஒண்ணை எடுத்துக்கறேன்.”

அந்த வேறொன்று எது என்று மாமா அப்போது நினைக்கவே இல்லை. அது தனி வருத்தம்.

கூண்டுக்கு முன்னால் நின்று, குரலில் அதட்டலை வரவழைத்துக்கொண்டு, “கையை நீட்டு” என்றார். மச்சான் நீட்டியது. டாக்டரம்மாவுக்கு மறைவாகத் திரும்பி நின்று, அந்தக் கையின் தோலைப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் கிள்ளித் திருகினார். வீல் என்று ஒரு சத்தம். கை உள்ளே போய்விட்டது. மாமாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கடிடா, கடிச்சுத் தொலைடா என்று மனசு அடித்துக்கொண்டது.

மச்சான் சிவந்துபோன இடத்தைப் பார்த்தது. நக்கியது. மாமாவின் முகத்தைப் பார்த்தது. பிறகு மெதுவாக, மற்றக் கையை நீட்டியது.

“பழக்கம்தான் மாமா, வேற ஒண்ணுமில்ல” என்றார் டாக்டரம்மா, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. அதற்குமேல் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சோதனை நடந்தது, அதன் முடிவும் நடந்தது.

மாமா அந்த வேலையை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. அது நம்பிக்கையா பழக்கமா என்று இன்றும் அவருக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அதைச் செய்துவைத்தவர் தாம்தான் என்பது மட்டும் தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கை அப்படியே நின்றுவிடும்.

“ஒரே ஒரு தடவை கடிச்சிருக்கலாம்ல அவன்?” என்பார் மனைவியிடம்.

“எப்படிங்க கடிப்பான்? நீங்க கிள்ளினா, தான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு நெனைச்சிருப்பான்.”