பிளேட்டில் இல்லாத சரணம்

நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுக் கை கழுவிவிட வேண்டும், விளக்கு வைத்த பிறகு பச்சைத் தண்ணீரோடு சரி. மற்ற வீட்டுப் பெண்கள் அடுப்பு மூட்டும் நேரத்தில் எனக்கு ஒரு வேலையும் இருக்காது. கல்யாண வயசு வேறு. சாயங்காலம் இழுத்துக்கொண்டே போகும். அந்த நேரம் பார்த்துத்தான் சந்தைமேட்டு டெண்டுக் கொட்டகையில் ஒலிபெருக்கி பாட ஆரம்பிக்கும். கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடப்பேன். காலில் சக்கரமா கட்டியிருக்கிறது என்று அம்மா வைவாள்.

நைனாவுக்குச் சினிமா என்ற சொல்லே ஆகாது. கொட்டகைக்குப் போகிற பெண்ணை எவனும் கட்டமாட்டான் என்பார். சாப்பிட்டதும் மணிலாக்கொட்டை மண்டிக்குக் கிளம்பிவிடுவார். அவர் தலை மறைந்ததும் பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். அம்மா பார்த்தும் பாராதவள் போல அடுப்பங்கரைக்குள் நுழைந்துகொள்வாள்.

அப்படிப் பார்த்த படங்களில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. சொல்வதற்கென்ன, தொந்தியும் தொப்பையுமாக ஒருவர் வந்து குருகுலத்தில் பாடம் படிப்பார், அவரை நாம் பாலகன் என்று நம்ப வேண்டும். ராஜா பாடுவார், ராணி பாடுவாள், சேவகன் பாடுவான். எதிரி ஓங்கின கத்தியோடு இவர்கள் பாடி முடிக்கிற வரைக்கும் நிற்பான். பாவம், அவனுக்குக் கை வலிக்காதா? யுத்தத்தில் ஃபிலிம் கிடைக்காமல் படங்களைச் சுருக்கிவிட்டார்கள் என்று ஊரே வருத்தப்பட்டபோது நான் ஒருத்திதான் சந்தோஷப்பட்டேன்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? அக்காவுக்கு எல்லாப் படமும் நல்ல படம். எழுத்து ஓடும்போதே முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். அம்மாவிடம் வாயைத் திறந்தால், பார்த்ததே தப்பு, பேச வேறு வேண்டுமா என்பாள். சொல்லாத அபிப்பிராயம் எல்லாம் உள்ளே கிடந்து கொதிக்கும். படுத்தால் தூக்கம் வராது.

அந்த வருஷம் ஒரு படம் வந்தது. மாமியார் வீட்டில் ஒரு பெண்ணின் மேல் அபாண்டம் சுமத்தித் துரத்திவிடுகிறார்கள். அவள் பிறந்த வீட்டுக்கு வருகிறாள், அப்பன் கதவைத் திறக்கவில்லை. போய்க் கிணற்றில் விழுந்துவிடுகிறாள். அதற்கப்புறம் அவள் உத்தமி என்று எல்லோருக்கும் தெரிகிறது, வானத்திலிருந்து பூ கொட்டுகிறது. கொட்டகையே விம்மியது. எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்காவுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன்.

அதே சமயத்தில்தான் ஆரணிப் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். நைனா ஒரு வருஷமாக எதிர்பார்த்திருந்த சம்பந்தம். பையன், அவன் தாய் தகப்பன், பட்டணத்தில் வாழ்க்கைப்பட்ட அவன் அக்காள். முதலில் ஒரு தோத்திரம் பாடினேன். கிராமபோன் பிளேட்டில் கேட்ட சினிமாப் பாட்டு ஏதாவது வருமா என்று அந்தப் பட்டணத்து அக்காள் கேட்டாள். பிளேட்டுப் பாட்டில் தப்பில்லை, ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்பதுதானே. அந்தப் படத்துப் பாட்டையே எடுத்தேன். அந்தப் பெண் சந்தோஷமாகப் பூப்பறித்துக்கொண்டு பாடுவது. ஆனால் மனசு எங்கேயோ போய், பூட்டிக் கிடக்கிற கதவுக்கு முன்னால் அவள் நின்று அதே மெட்டில் அப்பனைக் கூப்பிட்டுப் பாடுகிற கடைசிச் சரணத்தையும் சேர்த்துப் பாடிவிட்டேன்.

பட்டணத்து அக்காள் என்னையே பார்த்தாள். "அந்தக் கடைசி சரணம் பிளேட்ல கெடையாதே. படத்துலதான வருது?"

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையனின் தாய், அப்படியானால் பெண் கொட்டகைக்கெல்லாம் போகுமா என்று என்னைக் கேட்கவில்லை, நேரே நைனாவைக் கேட்டாள். போச்சு, இன்றோடு நான் தொலைந்தேன் என்று நினைத்தேன்.

நைனா மேல்துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "நான்தாங்க சொல்லிக் குடுத்தேன். கொட்டாய்ல கேட்டுட்டு வந்து." நம்பமாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அந்தச் சரணத்தில் ஒரு வரியைக் கரகரத்த குரலில் பாடியும் காட்டினார். சுருதி சேரவில்லை, வார்த்தை ஒன்றுகூடப் பிசகவில்லை.

அதற்கப்புறம் பேச்சு என்னை விட்டுவிட்டு நைனாவைப் பிடித்துக்கொண்டது. மண்டி வைத்திருக்கிற பெரிய மனுஷர் கூத்தாடிகளைப் பார்க்கப் போகலாமா, வீட்டில் பெண்ணை வைத்துக்கொண்டு இது என்ன பழக்கம் என்று பையனின் தகப்பன் விஸ்தாரமாகக் கேட்டார். நைனா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இலை போட்டாகிவிட்டது என்று அம்மா வந்து சொன்னபோது வெயில் ராஜகிரி மலைக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. மலை மறைக்கிறது, இன்னும் பொழுது இருக்கிறது, எங்கள் ஊரில் இப்படித்தான் என்று நைனா கெஞ்சினார். பொழுது சாய்ந்தபின் வாயில் வைக்கமாட்டோம் என்று அவர்கள் எழுந்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்த வீட்டில் கை நனைக்காமல் போனால் அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். வண்டி கிளம்பிவிட்டது.

வந்தவர்கள் சாப்பிடட்டும் என்று இருந்ததால் நாங்களும் சாப்பிடவில்லை. சுழியனும் வடையும் அப்படியே கிடந்தன. அம்மா போய்ப் படுத்துவிட்டாள். எனக்குப் பசி ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். எத்தனை நாளாக இந்த மனுஷர் மண்டி மண்டி என்று சொல்லி ஏமாற்றியிருக்கிறார் என்கிற கோபம் ஒரு பக்கம். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"உக்காரு," என்றார் நைனா. "கொட்டாய்ல பொம்பளைங்க பக்கம் உன்னப் பாத்தேன் அன்னிக்கி. அழாம உக்காந்திருந்தது நீ ஒருத்திதான்."

அடி விழும் என்றுதான் உட்கார்ந்தேன்.

"அந்தப் பொண்ணு கெணத்துல உழுந்தது சரின்றியா?"

அப்படி ஒரு கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. மடை திறந்தாற்போல் கொட்டிவிட்டேன். அவள் ஏன் சாக வேண்டும், தப்பு பண்ணினவர்கள் சாகட்டும், பூக் கொட்டினால் ஆச்சா, கதை எழுதினவனுக்குப் பெண் பிள்ளையே இருந்திருக்காது என்றேன். நைனா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பன் வேஷக்காரன் மட்டும் நன்றாக நடித்தான் என்றார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"அந்த அப்பனாட்டம் நீங்களும் கதவைச் சாத்துவீங்களா நைனா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பின்ன சாயந்திரம் அவங்க முன்னாடி நான் இன்னா பண்ணேன்னு நெனச்சிகினு இருக்கே?"